தோள் மட்டும் போதும் சார்

நாலே முக்காலுக்கு வண்டி வரும் என்று நேற்று ராத்திரி மேனேஜர் சொன்னார். நாலரைக்கே குளித்து, திருநீறு பூசி, வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது கிடையாது. நான் ஒருநாளும் வண்டியைக் காக்கவைத்ததும் கிடையாது. இதைத் தொழில்பக்தி என்று நாலு பேர் மேடையில் பாராட்டியிருக்கிறார்கள். பக்தியெல்லாம் இல்லை, பயம். 'அந்த ஆளு இன்னும் ரெடியாகலையாம், வேற யாரையாவது போட்டுக்கலாமா?' என்று யாரோ யாரிடமோ கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அதற்கு அவர்கள் யோசிக்கக்கூட வேண்டாம். பக்கத்துத் தெருவிலேயே என் வயதும் என் தொப்பையும் என் வழுக்கையும் உள்ளவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

சாலிகிராமத்தில் விடிவதற்கு முன்னால் எந்தெந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் போதும், யார் யாருக்கு இன்றைக்கு வேலை என்று தெரிந்துவிடும். எங்கள் தெருவில் இன்று இரண்டு. எதிர்வீட்டு மாடி இருட்டு. போன மாதம் முழுக்க அங்கே எரிந்துகொண்டிருந்தது. அது இருட்டாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. வேறெங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

*

இந்த நோட்டு கன்டின்யூட்டிக்காக ஆரம்பித்தது. எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, வாட்ச் எந்தக் கையில், துண்டு எந்தத் தோளில், மூக்குக்கண்ணாடி பாக்கெட்டிலா மூக்கிலா. இப்போது உதவி இயக்குநர்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். நான் எழுதுவதற்கு அவசியமே இல்லை. பழக்கம் விடவில்லை. 'நீலக் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் வேறு நிறம்' என்று எழுதி முடித்த பிறகும் பேனா கையில் இருக்கும். வண்டி வந்திருக்காது.

*

மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வாங்க நின்றேன். பக்கத்தில் நின்றவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், நீங்க ஈ.பி. ஆபீஸ்ல இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப பெரியகுளத்துக் கல்யாணத்துல பாத்திருக்கேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்."

நான் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. அவர்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். ஒருவர் என்னைத் தன் பழைய தமிழய்யா என்று நினைத்துக் குனிந்து காலைத் தொட்டுவிட்டார். ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா, ஏலச்சீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினவன் இவன்தான் என்று கூட்டத்தையே கூட்டிவிட்டார். ஒரு படத்தில் நான் சீட்டுப் பணத்தோடு ஓடியது உண்மைதான். ஆனால் அந்த அம்மா படத்தைப் பார்த்திருக்கவில்லை. நிஜமாகவே பணத்தை இழந்தவர். என் முகத்தில் அவருக்கு அந்த ஆள் தெரிந்திருக்கிறான்.

நட்சத்திரத்தைப் பார்த்தால் ஜனங்கள் அவரைத் தங்கள் வாழ்க்கைக்கு வெளியே நிறுத்திவைத்துக் கைதட்டுகிறார்கள். என்னைப் பார்த்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போய், எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்று இடம் தேடுகிறார்கள். எது பெரிது என்று கேட்டால், நல்ல தூக்கம் தூங்கிய நாளில் இரண்டாவது என்பேன். மற்ற நாட்களில் அது வெறும் சமாதானம்.

மருந்துக்கடைக்காரருக்குக் கடைசியில் பிடிபட்டது. நின்றவரிடம் சொன்னார். உடனே அவர் முகம் மலர்ந்து, "ஆங்! நீங்க செத்துப் போவீங்களே சார்!" என்றார். கையில் பிரஷர் மாத்திரையோடு கேட்க வேண்டிய வசனமில்லை.

"எந்தப் படம் சார் அது?"

நான் செத்த படங்கள் பதினொன்று. கடன் கேட்கப் போனவன் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பதுபோல் பெயர்களைச் சொன்னேன். ஆறாவதில் நிறுத்தினார். "அதேதான். உங்க பேரு?"

சொன்னேன். தலையை ஆட்டினார். பெயர் அவர் காதுக்குள் போய், உட்கார இடமில்லாமல் எழுந்து வெளியே வந்ததை நேரில் பார்த்தேன்.

*

பெயரைப் பற்றி ஒன்று. நட்சத்திரங்களுக்குத் தமிழன் பட்டம் கொடுப்பான். திலகம், தளபதி, நாயகன் என்று ஏதாவது ஒன்று. எங்களுக்குக் கொடுப்பது இனிஷியல். அதுவும் அப்பா பெயரில் இல்லை, படத்தின் பெயரில். 'நிழல்கள்' ரவி, 'பசி' சத்யா, 'தலைவாசல்' விஜய், 'காதல்' தண்டபாணி, 'ஆடுகளம்' நரேன், 'முண்டாசுப்பட்டி' ராமதாஸ். கண்ணையாவுக்குப் படம்கூட இல்லை. அவர் இழுத்துச் சொன்ன 'என்னத்தே' என்ற ஒரு சொல்லே இனிஷியலாகிவிட்டது. மற்றவர்களுக்கோ, அந்த ஒரு படத்தில்தான் இவரை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம் என்று ஊர் போட்டுக்கொடுத்த முத்திரை அது. பிறந்த ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தின் மிச்சம் என்றும் தோன்றும்.

'வெண்ணிற ஆடை' 1965இல் வந்தது. அதில் தமிழுக்கு அறிமுகமான மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் படத்தின் பெயர் கூடவே வந்தது. அதே படத்தில் அறிமுகமான ஜெயலலிதாவுக்கு அது ஒட்டவில்லை. தேவைப்படவில்லை. இனிஷியல் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை எங்கள் தொழிலில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது.

டெல்லி கணேஷுக்குப் படம் இல்லை, நகரம். விமானப்படையில் இருந்துவிட்டு, டெல்லியில் நாடகம் போட்டுவிட்டு வந்தவர். பெயரை வைத்தது பாலசந்தர். 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைக்கு அஞ்சாத நாலு பேரில் ஒருவராக அவரைப் பார்த்தவர்கள், அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரராக அவரைக் கண்டு உருகினார்கள். ஒருவர்கூட 'இந்த ஆளா?' என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் கைதட்டல். 2024 நவம்பரில் அவர் போனபோது விமானப்படையினர் வந்து மரியாதை செய்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவருக்கு, நடிக்க வருவதற்கு முன்னால் செய்த வேலைக்கு மரியாதை. தப்பொன்றுமில்லை. ஆனாலும் டிவியை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இனிஷியல் இல்லை. கிடைத்திருக்க வேண்டியது.

*

அந்தப் படத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வெளிவராது என்று ஒரு மூடநம்பிக்கை. எழுதாமலும் இருபது வருஷமாக வெளிவரவில்லை.

ரயில்வே கேட் கீப்பர் வேஷம். இருபத்திரண்டு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் இருபத்திரண்டு நாள் கொடுத்ததில்லை. ஒரு காட்சி. ஓடிப்போன மகனின் சிநேகிதன் கேட்டுக்கு வந்து, மகன் இறந்துவிட்டான் என்று சொல்கிறான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் வருகிற நேரம். கேட்டை மூட வேண்டும். எனக்கு வசனம் கிடையாது. கேட்டுக்கொண்டே போய்ச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒரே ஷாட். பிலிம் காலம், ஒன்மோர் கேட்டால் தயாரிப்பாளரின் முகம் சுருங்கும். இரண்டாவது டேக்கில் ஓகே ஆனது. சக்கரத்தைச் சுற்றி முடித்த பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. கை வரவில்லை.

பணத் தகராறு. படம் பெட்டிக்குள் போனது. பிலிம் லேபுகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில் அந்த நெகட்டிவ் என்ன ஆனது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர் முதல் ஆளையே கேட்கச் சொன்னார்.

படம் வந்திருந்தால் என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களை நான் நிறைய வைத்திருக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில். அந்த ஷாட் ஒவ்வொரு வருஷமும் நன்றாகிக்கொண்டே வருகிறது. எடுத்தபோது காற்று இருந்ததா? இப்போது இருக்கிறது. துண்டு பறந்ததா? இப்போது பறக்கிறது. யாரும் பார்க்காத நடிப்பை நானே மனதுக்குள் திரும்பத் திரும்ப எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அது சாதாரணமான ஷாட்டாக இருந்திருக்கலாம். சிநேகிதனாக நடித்த பையன் இப்போது இல்லை. போன வருஷம் அந்தப் படத்தின் கேமராமேனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, மெல்ல ஆரம்பித்தேன். "அந்த கேட் சீன் ஞாபகம் இருக்கா சார், ஒரே ஷாட்ல..."

ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டே கேட்டார்: "எந்த சீன் சார்?"

*

ஓகே என்பதில் மூன்று ஜாதி உண்டு. நன்றாக வந்ததால் ஓகே. வெளிச்சம் போகிறது என்பதால் ஓகே. ஹீரோவுக்கு ஏர்போர்ட் போக வேண்டும் என்பதால் ஓகே. எழுத்தில் எல்லாம் ஒன்று. காதுக்கு வேறு வேறு. புதிதாக வந்த காலத்தில் எல்லா ஓகேயும் எனக்கு முதல் ஜாதிதான், பறந்துகொண்டிருந்தேன். தொழில் தெரியத் தெரியக் காது கூர்மையாகிவிட்டது. இப்போது முதல் ஜாதி ஓகே வந்தாலும் அதற்குள் மூன்றாவது இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறேன், சந்தையில் தேங்காயைத் தட்டுவதுபோல.

மானிட்டருக்குப் போய்ப் பார்க்கலாமே என்பார்கள். போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே எனக்கு நாற்காலி இருக்காது. நின்றுகொண்டு எட்டிப் பார்க்கும் கிழவனைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த மரியாதை வேண்டாமென்றுதான் நான் லைட்மேன்களின் முகத்தைப் பார்க்கிறேன். அவர்களுக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் இருந்தார், விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடியைக் காதில் சொருகியிருப்பார். ஷாட் முடிந்ததும் அவர் பீடியை எடுத்தால் சுமார். எடுக்க மறந்திருந்தால் நன்று. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு விமரிசகர் இல்லாமல் போய்விட்டார்.

*

மதியம் ஹீரோவுக்குச் சண்டைக்காட்சி. எனக்கு வேலை இல்லை, ஆனால் விடவும் மாட்டார்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. போனில் 'காதலிக்க நேரமில்லை' பார்த்தேன். முழுப் படமல்ல. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி மட்டும்.

எத்தனையாவது முறை என்று தெரியாது. ஆனால் இன்றைக்கு இயர்போன் கொண்டுவரவில்லை, சத்தமில்லாமல் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. சத்தத்தை எடுத்துவிட்டால் நாகேஷில் பாதி போய்விடுகிறது. அவர் தொண்டையில்தான் கதவும் காற்றும் பேயும் இருக்கின்றன. பாலையாவில் ஒன்றும் குறையவில்லை. அவர் வேலை கேட்பது. மகன் சொல்லும் கதையைக் கேட்கிற ஒரு பணக்கார அப்பா, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிவிடுகிறார். முதலில் கண் பயப்படுகிறது, அப்புறம் வாய், கடைசியில் உடம்பு. அவர் பயந்ததால்தான் நாகேஷின் கதையில் பேய் வந்தது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது வெறும் சத்தம்.

பாலையா 1936இல் 'சதி லீலாவதி'யில் வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் அதுவே முதல் படம். ஒரே கோட்டிலிருந்து ஓட ஆரம்பித்தவர்களில் ஒருவர் முதலமைச்சர் ஆனார். பாலையா 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் ஆனார். எதிரே பேசுகிறவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதற்கும், அவர் பேசுவதைக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. என் வேலையில் பெரும்பகுதி முதல் வகை என்று எனக்கே தெரியும். அடுத்து நான் பேச வேண்டிய வரியை மனதுக்குள் உருட்டிக்கொண்டு, முகத்தில் கேட்பதுபோல் ஒன்றை வைத்திருப்பேன். சந்தேகம் வந்து உட்காருவதற்கு நான் விரித்துவைக்கும் பாய் அதுதான். 'சரியாகச் சொல்வேனா, முகம் கோணுமா, முன்னாடி செய்த மாதிரியே செய்கிறேனா.' கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தெரிகிறது. முடிவதில்லை.

*

கலை இயக்குநரின் உதவிப் பையன் போன் பண்ணினான். "சார், ஒரு போட்டோ வேணும். பாஸ்போர்ட் சைஸ் இருந்தா போதும், நாங்க பெருசு பண்ணிக்கிறோம்." ஹீரோவின் செத்துப்போன அப்பா. படம் முழுக்கச் சுவரில் தொங்குவேன். சந்தன மாலை, மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. சம்பளம் அரை நாளுக்கு.

படத்தில் தொங்குவதற்கு என்ன நடிப்பு என்று நினைக்கலாம். பாஸ்போர்ட் படத்தை நான் கொடுக்கவில்லை. ஸ்டுடியோவுக்குப் போய்த் தனியாக எடுத்தேன். செத்தவர் படத்தில் அதிகம் சிரிக்கக் கூடாது. மகன் அழும்போது உறுத்தும். முறைக்கவும் கூடாது, மகன் பழிவாங்கும்போது தூண்டிவிட்டதுபோல் ஆகும். தான் சாகப்போவது தெரியாத ஒரு மனிதன், ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கப் போன முகம் வேண்டும். எட்டு முறை எடுக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

படப்பிடிப்பு முடிந்ததும், "ஃப்ரேம் நல்ல ஃப்ரேம் சார், வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி வாசலிலேயே மறித்தாள். "என்னங்க இது? மொதல்ல அத வெளிய வைங்க." மாலையைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். ஆணி அடித்த அடையாளமே ஆகாது என்றாள். இப்போது மொட்டைமாடி அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன்.

அம்மா சங்கரன்கோவிலில் இருந்தாள். அந்தப் படத்தை டிவியில் போட்ட ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

"ஏலே, நல்லாத்தான இருக்கே?"

"நல்லாருக்கேன்மா. அது சும்மா படம்."

"சும்மாவால மாலை போடுவாக?"

மறுநாளே கோமதியம்மனுக்கு மாவிளக்கு போட்டாளாம். நான் ஐம்பது படத்தில் பேசி, அழுது, அடிவாங்கியதையெல்லாம் 'எம் மகன் டிவில வாரான்' என்று பார்த்தவள். பேசாமல் சுவரில் தொங்கியதை மட்டும் நம்பிவிட்டாள். அம்மாவுக்கு அப்புறம் அப்படி யாரும் என் நடிப்பை நம்பியதில்லை.

டிவியில் எத்தனை தடவை போட்டாலும் எங்களுக்குக் காசு வராது. முகம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

*

2025 ஆகஸ்ட் முதல் தேதி. டப்பிங் தியேட்டரில் இருந்தேன். 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குத் தேசிய விருது என்று சவுண்ட் என்ஜினியர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். குரல் கொடுத்துக் கொடுத்தே தொழில் பழகியவர். சீரியலில் பட்டாபியாக வந்து, தெருவில் பட்டாபி என்றே கூப்பிடப்பட்டவர். நம் வீட்டுக்கே விருது வந்த மாதிரி இருக்கிறது என்று அன்று போனில் ஆறு பேரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஏழாவது ஆளிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் டப்பிங் மாதிரி இருந்தது.

இந்த விருதே புதிது. துணை நடிப்புக்கென்று தேசிய அளவில் தனி விருது வைத்தது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். பாலையா 1972இல் போய்விட்டார், ரங்காராவ் 1974இல். நாகேஷுக்குக் கிடைத்தது 1994இல் வந்த 'நம்மவர்' படத்து அப்பாவுக்காக. அவர் தருமியாக வந்தபோது தருமிக்குக் கொடுக்க அப்படியொரு விருது கிடையாது. பெரியவர்களுக்கே இல்லையே என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது எனக்குச் சுலபம். ஆனால் அது பாலையாவை என் பக்கத்து நாற்காலியில் இழுத்து உட்காரவைக்கும் தந்திரம். அவர் நிற்கிற இடம் வேறு.

*

என் மகன் ஒருநாள் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். வாட்ஸ்அப் ஸ்டிக்கர். என் முகம். வாய் பாதி திறந்து, கண் அகன்று, 'என்ன சொல்ற நீ?' என்பதுபோல். அவன் ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் லீவு தர மறுத்தால் இதைத்தான் போடுவார்களாம். அது தன் அப்பா என்று அவன் சொல்லவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் நடிப்பிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த ஒன்றரை வினாடியாகத்தான் இருக்கும். அது நடிப்பே இல்லை. எதிரில் ஒரு நாடகக்காரர், என்னைவிட மூத்தவர், நீளமான வசனம் பேசினார். பாதியில் ஸ்கிரிப்டில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாக உள்ளே போட்டார். எனக்கு என் வரி சுத்தமாக மறந்துபோனது. திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். கட் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சூப்பர் ரியாக்ஷன் சார்" என்றார் இயக்குநர். முதல் ஜாதி ஓகே. நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

வரியை மறந்தது தவறு. மறந்ததற்குக் காரணம், முப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவை எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்டுவிட்டேன் என்பதாகவும் இருக்கலாம். அல்லது வயதாகிறது.

*

நேற்று ராத்திரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீடு. எனக்கு மகளாக நடிக்கும் பெண்ணுக்கு இது முதல் படம். அப்பா தன் படிப்புக்காக யார் யாரிடமெல்லாம் கடன் வாங்கினார் என்பது தனக்குத் தெரியும் என்று அவள் சொல்ல வேண்டும். நான் கேட்க வேண்டும்.

என் க்ளோசப்பை முதலில் எடுத்தார்கள். அவளை மேக்கப்புக்கு அனுப்பிவிட்டார்கள். லென்சுக்குப் பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் முஷ்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டார், நான் பார்க்க வேண்டிய இடம் அது. இன்னொருவர் அவள் வசனத்தை ரயில்வே அறிவிப்பு மாதிரி படித்தார். அந்த முஷ்டியைப் பார்த்து அழுதேன். கட்டைவிரலில் மருதாணி லேசாக மிச்சமிருந்தது. தங்கை கல்யாணமாக இருக்கும். அழுதுகொண்டே அதைக் கவனித்தேன். ஓகே. இரண்டாவது ஜாதி.

அவள் க்ளோசப் வரும்போது ராத்திரி இரண்டு மணி. கேமராமேன் வந்தார். "சஜஷன்தான் சார். தோள் மட்டும் போதும். டயலாக்கை அசிஸ்டெண்ட் படிச்சிடுவான், நீங்க கண்ணை மூடிக்கூட உட்காரலாம்." நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மாத்திரை போட்டதை அவர் பார்த்திருந்தார்.

"இல்லப்பா, நானே சொல்றேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சீன் பேப்பரை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். என்னிடம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போய் அவள் இடத்தில் நின்றாள். நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் முகம் யாருக்கும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, முகத்தில் எதையும் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ரோல். ஆக்ஷன்.

அவள் பேசினாள். ஒத்திகையில் ஒப்பித்ததுபோல் இருந்தது, இப்போது இல்லை. யார் யாரிடம் கடன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு பெயரைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்தினாள். அந்த ஆளிடம் அப்பா போய் நின்றதை நினைத்துப் பார்க்க முடியாதவள்போல. பேப்பரில் அந்த இடைவெளி இல்லை. என் வரி வர வேண்டிய இடத்தில் நான் வரியைச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"கட். பாப்பா, சூப்பர்மா." கொஞ்ச நேரம் மானிட்டர் பக்கம் பேச்சு. அப்புறம் உதவி இயக்குநர் ஓடிவந்தார், மருதாணிக்காரர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தோள் குலுங்குது. பிரேம்ல தெரியுது. இன்னொண்ணு போயிரலாம்."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்தது. தன்னால்தான் ஒன்மோர் என்று நினைத்துவிட்டாள்.

"என்னாலதாம்மா" என்றேன்.

டச்அப் பையன் அவள் கண்ணை ஒற்றியெடுத்தான். நான் துண்டால் துடைத்துக்கொண்டேன். தோள் ஆடாமலிருக்க முதுகுக்கு ஒரு ஆப்பிள் பாக்ஸை முட்டுக் கொடுத்தார்கள். "அப்படியே சாஞ்சுக்குங்க சார். அசையாம." சரிப்பா என்றேன். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். சைலன்ஸ் என்று யாரோ கத்த, ஜெனரேட்டரும் தூரத்தில் கடலும் மட்டும் கேட்டன.

இரண்டு கையாலும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் "அப்பா" என்று ஆரம்பித்தாள்.